பூத்தரையில் மூட்டிய அடுப்பு

அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சரில் குடியிருந்தபோது, ஏரிக்கரையில் நடக்க வரும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, “ஆன்ட்டி, உங்க பொண்ணு எந்த கம்பெனி?” என்பதுதான். அங்கே எல்லாருடைய பிள்ளைகளும் ஏதாவது ஒரு கம்பெனி. நான், “எம்பொண்ணு மண்ணு தோண்டுது” என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். மண் தோண்டிப் பழைய காலத்தைக் கண்டுபிடிக்கிற படிப்பு, அதில் டாக்டர் பட்டம், பெரிய காலேஜில் வாத்தியார் வேலை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தான் அந்த இடத்தை விட்டு நகர்வேன். எனக்கு அதில் அவ்வளவு பெருமை.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், மெதுவாக எழுதுவேன். இங்கிலீஷில் என் பேரை மட்டும் எழுதத் தெரியும். இந்த நோட்டில் ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆனாலும் இதை வேறு யாரையும் வைத்து எழுத முடியாது.

என் மகள் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அவள் அப்பா போனபிறகு ஊரில் நான் தனியாக இருக்கக் கூடாது என்று என்னைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வருஷம் முழுக்கக் காலேஜ். கோடை வந்தால் இரண்டு மாதம் பிரான்ஸ் தேசம். அந்த தேசத்தின் தெற்கே, ஒரு கோதுமை வயலுக்கு அடியில், ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேலே பழசான ஒரு பண்ணை வீடு புதைந்து கிடந்தது. அதைத்தான் அவளும் அவளுடைய பெரிய வாத்தியாரும் இன்னும் சிலரும் வருஷா வருஷம் போய்த் தோண்டினார்கள்.

முதல் தடவை அவள் எனக்குக் காட்டியது ஒரு படம். மழை பொய்த்த ஒரு கோடையில் ஆகாய விமானத்திலிருந்து எடுத்தது. பச்சை வயலுக்கு நடுவே மஞ்சள் கோடுகள், கட்டம் கட்டமாக.

“இது என்னன்னு சொல்லு பார்ப்போம்” என்றாள்.

“இதுல என்ன இருக்கு? அடியில கல்லு கெடக்கு. வேரு எறங்கல. அதான் அந்த எடத்துல மட்டும் பயிரு காஞ்சிருக்கு.”

அவள் கையைத் தட்டிச் சிரித்தாள். “இதைச் சொல்லிக்குடுக்க எனக்கு ஒரு கிளாஸ் ஆகும்மா. நீ வந்து எடுத்துரு.”

அந்த மஞ்சள் கோடுகள்தான் சுவர்கள். ஒவ்வொரு கட்டமும் ஓர் அறை. நடுவில் முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம். குளிப்பதற்கு மட்டும் மூன்று அறைகள். அவற்றின் தரைக்கு அடியில் செங்கல் கால்களை வரிசையாக நட்டு, வெளியே அடுப்பு எரித்து, சூட்டை அடியில் ஓடவிட்டிருக்கிறார்கள். தள்ளி, முற்றத்துக்கு அப்பால், களஞ்சியம், திராட்சை பிழிகிற தொட்டி, மாட்டுக் கொட்டில், அதை ஒட்டிப் பண்ணையாட்கள் இருந்த சின்னச் சின்ன அறைகள். படத்தில் விரலை வைத்து எல்லாவற்றையும் காட்டுவாள். கோயிலைச் சுற்றி வந்த மாதிரி அந்த வீட்டை நான் பல தடவை சுற்றி வந்திருக்கிறேன்.

“ரோமாபுரிக்காரங்களா கட்டுனது?”

“இல்லம்மா. உள்ளூர் ஆளுங்க. அந்த நாட்டுக்கு அப்போ கோல்னு பேர். ரோமாபுரி ராஜா வந்து பிடிச்சதும் பணக்காரங்க எல்லாம் அவங்க பாஷையைக் கத்துக்கிட்டாங்க. பேரை மாத்திக்கிட்டாங்க. அவங்க மாதிரியே வீடு கட்டிக்கிட்டாங்க.”

“நம்ம தெருவுல இருக்கிறவுக மாதிரின்னு சொல்லு.”

“அம்மா! எதிர்வீட்ல கேட்டுறப் போகுது.”

அந்த வீட்டில் விருந்து சாப்பிடுகிற கூடம் ஒன்று. தரை முழுக்க நகக்கண் அளவுக் கற்களைப் பதித்துப் பூவும் கொடியும் போட்டிருந்தார்கள். கறுப்பு, வெள்ளை, செங்காவி, மஞ்சள். அப்படிப்பட்ட தரையின் மேல், சுவர் ஓரமாக, யாரோ நாலு கூரை ஓடுகளைக் கவிழ்த்துப் போட்டு அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. பூவெல்லாம் கருகி, கல் வெடித்து, தரை சிவந்து போகிற அளவுக்கு.

அந்த அடுப்புதான் என் மகளின் வேலை. வீட்டுக்காரர்கள் விட்டுப்போன பிறகு நடந்தது அது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மூட்டினது யார் என்பதில்தான் சண்டை. எங்கிருந்தோ வந்த வழிப்போக்கர்கள், தரையின் அருமை தெரியாதவர்கள் என்றார் பெரிய வாத்தியார். அப்படி இல்லை என்று இவளுக்கு மனதில் பட்டது. அதை நிரூபித்து ஒரு புத்தகம் எழுதினால் காலேஜில் அவள் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஒப்பந்தம் முடிகிற அன்றைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

“இப்படி ஒரு தரைமேல யாரும்மா தீ மூட்டுவாங்க?” என்று ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். என்னிடம் கேட்டாளா, தனக்குத்தானே கேட்டாளா தெரியாது.

“ஒழுகாத அறை அது ஒண்ணுதான் மிஞ்சியிருக்கும்” என்றேன்.

அவள் கையில் இருந்த கீரை அப்படியே நின்றுவிட்டது. “உனக்கு எப்படித் தெரியும்?”

எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? நான் பிறந்தது விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல்காட்டில். என் அப்பாவும் அம்மாவும் ஒரு பண்ணையார் வீட்டு ஆட்கள். அந்தக் குடும்பம் மெட்ராஸுக்குப் போனபோது, வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எங்களை உள்ளே வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு மழைக்காலம் தாங்கிய சமையல்கட்டு மூன்றாவதில் விழுந்தது. எங்கள் குடிசைக்கு அதற்கு முன்னாலேயே கூரை இல்லை. முன்கூடம் மட்டும் நனையாமல் இருந்தது. பூப்போட்ட தரை. அந்தத் தரைமேல் என் அம்மா மூன்று கல் வைத்துத் தினைக்கஞ்சி காய்ச்சினாள். வருஷக்கணக்கில். பிறகு பண்ணையார் மகன் கார் எடுத்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, “தரையை நாசம் பண்ணிட்டீகளே, காட்டுப்பயலுகளா” என்று கத்தினான். அத்தோடு விட்டானா, பித்தளைச் செம்பு ஒன்றைக் காணோம் என்று என் அம்மாவை முற்றத்தில் நிறுத்தி முந்தானையை உதறச் சொன்னான். செம்பு பிறகு கிணற்றில் கிடைத்தது. அன்றைக்கு எனக்குப் பத்து வயசு இருக்கும். அதிலிருந்து இன்னொருத்தர் சாமானை நான் கையால் தொட்டதில்லை.

இதை என் மகளிடம் முதல் தடவையாக அன்றைக்குத்தான் சொன்னேன். அவள் எழுந்துபோய் ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள்.

“அம்மா, இதை என் புத்தகத்துல முதல் பக்கத்துல போடட்டுமா?”

“எதை?”

“பாட்டி அடுப்பு மூட்டினதை.”

“போட்டேன்னா நான் ஊருக்கு ஏறிப் போயிருவேன்” என்றேன். “இங்க நடக்க வர்றவுக கிட்டயெல்லாம் எங்களுக்கு நெலம் இருந்துச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். காட்டுல வேலை செஞ்சதச் சொல்லு, பரவாயில்ல. இன்னொருத்தன் வீட்டுக்குள்ள ஒண்டிக் கெடந்ததச் சொல்லாத.”

அவள் வற்புறுத்தவில்லை. நோட்டை மூடிவிட்டாள். ஆனால் வழி கிடைத்துவிட்டது அவளுக்கு. அடுப்பு மூட்டியது அந்தப் பண்ணையின் சொந்த ஆட்கள்தான், வீட்டுக்காரர்கள் போனபிறகு தங்கிவிட்டவர்கள் என்று எழுதத் தொடங்கினாள். அதற்குச் சாட்சி, அடுப்புச் சாம்பலில் இருக்க வேண்டும். பெரிய வீட்டுக் களஞ்சியத்தில் கிடைத்ததெல்லாம் கருகின கோதுமை. பண்ணையாட்கள் இருந்த பக்கத்தில் கிடைத்தது தினை. கூடத்து அடுப்பிலும் தினை இருந்து, அதன் வயசும் வீட்டுக்காரர்கள் போன காலத்தை ஒட்டி வந்தால், யார் என்று சொல்லிவிடலாம். மேல் சாம்பல் எல்லாம் எலி வளையால் கலைந்திருந்தது, எதற்கும் உதவவில்லை. அடியில் கலையாமல் கிடந்த சாம்பல் ஒரு பைதான். உரிய அனுமதி வாங்கி அதை இங்கே கொண்டுவந்திருந்தார்கள்.

அவர்கள் எடுக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதிப் போடுவார்கள். எந்த இடம், எத்தனை அடி ஆழம், யார் எடுத்தது, என்றைக்கு. “சீட்டு போச்சுன்னா, தங்கமே கிடைச்சாலும் அது ஊமைம்மா” என்பாள். நான் கேட்டு வைத்துக்கொண்டேன்.

அந்த ஆகஸ்டில் காலேஜில் அவர்கள் வேலை செய்கிற கட்டடத்தில் தண்ணீர்க்குழாய் வெடித்தது. எல்லாவற்றையும் வேறு கட்டடத்து அறைக்கு மாற்றச் சொன்னார் பெரிய வாத்தியார். இவள் ஒரு பெட்டியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சனி, ஞாயிறில் உட்கார்ந்து சலித்து, பொறுக்கி, எண்ணி முடித்துவிடலாம் என்று எண்ணம். கார் நிறுத்துகிற கொட்டகையில் ஒரு மேசையும் விளக்கும் போட்டாள். வெள்ளிக்கிழமை, அந்தப் பையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்த நேரத்தில் போன் வந்தது. பாஸ்டனில் ஒரு கூட்டம், வேறு ஒருத்தருக்குப் பதிலாக இவள் பேச வேண்டும் என்று. அவசரமாகக் கிளம்பினாள். பையை அலமாரித் தட்டில் வைத்துவிட்டுப் போனாள். அந்தத் தட்டில்தான் என் செடி உரமும், தொட்டி மண்ணும், இறைச்சி சுடுகிற கரியும் இருந்தன.

எனக்கு அப்போது பின்பக்கம் ஓர் அவரைப் பந்தல். மே மாதம் போட்ட விதை ஆகஸ்டில்தான் அங்கே பூ எடுக்கும். பூ எடுக்கிற நேரம் பார்த்து அசுவினிப் பூச்சி அடைந்துவிட்டது. குருத்தெல்லாம் கறுப்பாகப் பிசுபிசுவென்று. ஊரில் என்றால் காலையில் பனி காய்வதற்கு முன்னால் அடுப்புச் சாம்பலைத் தூவிவிடுவோம். இலையில் ஒட்டிக்கொள்ளும், பூச்சி இறங்கிவிடும். அமெரிக்காவில் சாம்பலுக்கு எங்கே போவது? சனிக்கிழமை காலை உரம் எடுக்கப் போன எனக்கு அந்தப் பை கண்ணில் பட்டது. பிரித்து விரலால் நெருடிப் பார்த்தேன். சாம்பல்தான். மாவு மாதிரி நைசான விறகுச் சாம்பல். அவள் சாமான் எல்லாம் பெட்டிக்குள் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். இது கரி மூட்டையின் பக்கத்தில் இருந்ததால், போன மாதம் எதிர்வீட்டில் இறைச்சி சுட்ட சாம்பலை எனக்காக வாங்கி வைத்திருக்கிறாள் என்றே நினைத்தேன். என் மகள் எனக்காக அப்படிச் செய்யக்கூடியவள். பையின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குப் படிக்கத் தெரியாது.

கட்டியாக விழுந்தால் குருத்து ஒடியும் என்று மாவுச் சல்லடையில் சலித்தேன். சல்லடையில் கொஞ்சம் நின்றது. கரித்துண்டு, எலும்புத்துணுக்கு இரண்டு, அப்புறம் கறுப்பாக உருண்டை உருண்டையாய்ச் சின்னத் தானியம். கடுகைவிடச் சின்னது. ஒன்றை நகத்தில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். முதுகில் நீளமாக ஒரு பள்ளம். தினை. யார் இவர்கள், தினையைத் தீயில் கொட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு சல்லடையை வேலி ஓரமாய்த் தட்டினேன். சாம்பலைப் பந்தல் முழுக்கத் தூவினேன். பையைக் குப்பையில் போட்டேன். காலை ஏழு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஞாயிறு சாயங்காலம் அவள் வந்தாள். கொட்டகையில் சாமான் நகர்கிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது.

“அம்மா, அலமாரியில ஒரு பை இருந்துச்சே, பார்த்தியா?”

“என்ன பை?”

“சாம்பல். அந்த அடுப்புச் சாம்பல்மா. ஒரே ஒரு பை.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், “யாரும் எடுத்தாங்களா?” என்றாள். எடுத்தாங்களா என்ற அந்தச் சொல் என்னைப் பண்ணையார் வீட்டு முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. முகம் தெரியாத யாரையோதான் கேட்டாள். ஆனால் என் காதில் அப்படி விழவில்லை.

“நான் எதுக்குடி உன் சாமானைத் தொடப்போறேன்?” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே.

“நீ தொட்டேன்னு யாரு சொன்னா? கேட்டேன், அவ்வளவுதான்.”

வாசலில் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்து, கையுறை போட்டுக்கொண்டு, உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பை கிடைத்தது. வெறும் பை. சீட்டு ஒட்டின வெறும் பை. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பை தட்டிலிருந்து விழுந்து கொட்டியிருக்கும், சனிக்கிழமை கொட்டகையைப் பெருக்குகிறபோது போயிருக்கும் என்று அவளே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். “நான்தான் பெட்டிக்குள்ள வச்சிருக்கணும்” என்றாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பெரிய வாத்தியாருக்கு மறுநாளே போன் போட்டுச் சொன்னாள். போன் மேசைமேல் இருந்தது, அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது. அவர் கத்தவில்லை. மெதுவாகத்தான் பேசினார். இங்கிலீஷ் புரியாவிட்டாலும் ஒருத்தர் கதவைச் சாத்துகிற குரல் எனக்குத் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து அவரை காய்த்துத் தள்ளியது. எதிர்வீட்டுக் கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கு ஒரு பை கொடுத்தேன். மறுநாள் வந்து, என் மகள் இருக்கும்போதே, “ஏனுங்க ஆன்ட்டி, எங்க செடியெல்லாம் பூச்சியடிச்சுப் போச்சுங்க, உங்குளுது மட்டும் இப்படி நிக்குதே, என்னங்க போட்டீங்க?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் போடல. கைராசி” என்றேன்.

என் மகள் லேசாகச் சிரித்தாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவரைக்காய்ப் பொரியல். “நல்லா இருக்கும்மா” என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள். என்னால் சாப்பிட முடியவில்லை.

ஒப்பந்தத்தை அவர்கள் நீட்டவில்லை. சாமானை வீட்டுக்குக் கொண்டுபோனது தப்பு, தொலைத்தது அதைவிடத் தப்பு, சாட்சி இல்லாமல் புத்தகமும் இல்லை. இரண்டு மூன்று இடத்தில் விண்ணப்பித்தாள். பெரிய வாத்தியாரிடம் கேட்காமல் யாரும் எடுப்பதில்லையாம். கடைசியில் டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில், கம்ப்யூட்டர் வேலை ஒன்றில் சேர்ந்தாள். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு போகிறாள், வருகிறாள். அபார்ட்மென்டில் மூன்றாவது மாடி. செடி வைக்க மண் இல்லை. இங்கே யாராவது உங்கள் பெண் எந்த கம்பெனி என்று கேட்டால் பேரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

இரண்டு வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை.

போன வசந்த காலத்தில் தபாலில் ஒரு கனமான புத்தகம் வந்தது. அந்தப் பண்ணை வீட்டைப் பற்றி எல்லாரும் சேர்ந்து எழுதியது. இவள் பேர் கடைசிப் பட்டியலில் பொடி எழுத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். சோபாவில் உட்கார்ந்து பக்கம் பக்கமாய்ப் புரட்டினாள். அந்தக் கூடத்தின் படம் வந்ததும் நின்றாள்.

“நம்ம அடுப்புக்கு ஒரே ஒரு பாரா குடுத்திருக்காங்கம்மா.”

“என்ன போட்டிருக்காக?”

“யாரோ வழிப்போக்கங்க கொஞ்ச நாள் தங்கி, தரையை நாசம் பண்ணிட்டாங்கன்னு.”

அவள் அதை வருத்தப்பட்டுக்கூடச் சொல்லவில்லை. வானிலை சொல்கிற மாதிரி சொன்னாள். தரையை நாசம் பண்ணிட்டாங்க. அதே வார்த்தை. கார் வைத்திருந்த அந்தப் பயலின் வாயில் வந்த அதே வார்த்தை.

“அந்தச் சாம்பல அவரைக்குப் போட்டது நாந்தான் தாயி” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவள் முகத்தில் வந்தது வேறு. மண்ணில் உட்கார்ந்து வேலை செய்கிற படங்களில் மட்டும் பார்த்திருக்கிற முகம்.

“முழுப் பையுமா?”

“முழுப் பையும்.”

“சலிச்சியா?”

“மாவுச் சல்லடையில.”

“நின்னுச்சா எதுவும்? சல்லடையில?”

“கரி. எலும்பு ரெண்டு துணுக்கு. தினை.”

“என்ன சொன்ன?”

“தினை. கருகின தினை.”

எழுந்து சமையலறைக்குப் போனாள். தினை, சாமை, குதிரைவாலி, மூன்றும் வீட்டில் இருந்தன. சர்க்கரைக்காக இங்கே எல்லாரும் வாங்குவது. ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்து வெள்ளித்தாளில் தனித்தனியாகச் சுற்றி அடுப்பில் வைத்துக் கருக்கினாள். புகை மணி அலறியது. துண்டை எடுத்து அதை விசிறிக்கொண்டே, “அம்மா, திரும்பிப் பார்க்காத, திரும்பிப் பார்க்காத” என்றாள். எத்தனை நாளைக்கு அப்புறம் அவள் குரல் அப்படிக் கேட்டது! பிறகு ஒரு வெள்ளைத் தட்டில் மூன்று குவியலாய்க் கொட்டி என் முன்னால் வைத்தாள்.

“எது மாதிரி?”

காட்டினேன். தட்டை எடுத்துப்போய் இடம் மாற்றிக் கொண்டுவந்தாள். காட்டினேன். கலந்து கொண்டுவந்தாள். விரலால் ஒதுக்கித் தினையை மட்டும் தனியாக எடுத்துக் கொடுத்தேன். நாலு தடவை. நாலு தடவையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பிறகு பேனாவைக் கீழே வைத்தாள்.

“தினைதாம்மா” என்றாள். “நான் நினைச்சது சரிதான். அவங்கதான்.”

“அப்ப எழுது. நான் பார்த்தேன்னு எழுது. பாட்டி அடுப்பு மூட்டுனதையும் எழுது. இனிமே என்ன.”

“நீ பார்த்தது சாட்சி ஆகாதும்மா. பொருள் வேணும். கையில வேணும்.” தட்டில் கிடந்த தினையை விரலால் ஒன்றாகக் கூட்டினாள். “சல்லடையில நின்னதை எங்க போட்ட?”

“வேலி ஓரமா தட்டிவிட்டேன்.”

“எந்த வேலி?”

“மேற்குப் பக்கம். குழாய்க்கிட்ட.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “கருகினது மக்காதும்மா. ஆயிரம் வருஷம் ஆனாலும் மக்காது. நீ அன்னிக்குச் சாயங்காலமே சொல்லியிருந்தா, நான் குப்பைத் தொட்டியைக் கிளறின நேரத்துக்கு வேலி ஓரத்துல முட்டிபோட்டுப் பொறுக்கியிருப்பேன். பத்து தினை போதும். அஞ்சு போதும். வயசு பார்த்திருக்கலாம்.”

சாம்பலைக் கொட்டினது அறியாமல் செய்தது. அதை யாரும் மன்னிப்பார்கள். சொல்லாமல் இருந்தது அப்படி இல்லை.

அப்போதும் அவள் விடவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் போன் போட்டாள். அந்தக் குரல் உற்சாகமாக வந்தது. “ஆன்ட்டி சௌக்கியமுங்களா? அந்த வேலிப் பக்கமுங்களா? அய்யோ, உங்க பழைய ஹவுஸ் ஓனரு பின்னாடி பூரா மண்ணைக் கிளறி, ரோலர் உட்டு, கல்லு பாவி பேட்டியோ போட்டுட்டாருங்க. சூப்பரா இருக்குதுங்க. போட்டோ அனுப்பட்டுங்களா?”

போட்டோ வந்தது. பந்தல் இருந்த இடம், குழாய் இருந்த இடம், வேலி ஓரம், எல்லாம் சாம்பல் நிறக் கற்கள். மேலே நாற்காலி போட்டு, குடை விரித்து வைத்திருந்தார்கள்.

என் மகள் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். “ரெண்டு வருஷம்மா” என்றாள். அவ்வளவுதான். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த பத்து நாள் தேவைக்கு மட்டும் பேசினாள். மாத்திரை போட்டியா, சாப்பிட்டியா. இப்போது பேசுகிறாள். ஆனால் அந்தப் பண்ணை வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. புத்தகம் அலமாரியின் மேல் தட்டில், எனக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. எந்த அறைக்கு அப்புறம் எந்த அறை என்று எனக்கு மறக்கத் தொடங்கிவிட்டது. கேட்கத் தைரியம் இல்லை.

அவள் ஆபீஸ் போனபிறகு இந்த நோட்டை எடுக்கிறேன். எனக்கு ஒன்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கற்களுக்கு அடியில் தினை இருக்கிறது. எறும்பு தின்னாது, முளைக்காது, மக்காது. எப்போதாவது, நாங்கள் எல்லாரும் போனபிறகு, அந்த வீட்டுக்காரர்களும் போனபிறகு, யாராவது அங்கே முட்டிபோட்டுத் தோண்டுவார்கள். நியூ ஜெர்சி மண்ணில் பிரான்ஸ் தேசத்துத் தினை எப்படி வந்தது என்று தலையைச் சொறிவார்கள். சீட்டு இல்லாவிட்டால் அது ஊமை என்று அவள்தான் சொன்னாள். அதனால் எழுதுகிறேன். நோட்டை எழுதி முடித்ததும் அவளுடைய அந்தப் புத்தகத்துக்குள், கூடத்துப் படம் இருக்கிற பக்கத்தில் வைக்கச் சொல்லி அவளிடமே கொடுப்பேன். வைப்பாளோ மாட்டாளோ.

இடம்: வெஸ்ட் வின்ட்சர் வீட்டுப் பின்பக்கம், மேற்கு வேலி, குழாய்க்கு இரண்டடி தள்ளி. பொருள்: கருகின தினை, ஒரு சிட்டிகை. முன்பு இருந்த இடம்: கோல் நாட்டுப் பண்ணை வீட்டில், விருந்துக் கூடத்துப் பூத்தரைமேல் மூட்டிய அடுப்பு. அடுப்பு மூட்டினது: அந்த வீட்டு ஆட்கள். நாசம் பண்ண வந்தவர்கள் இல்லை. நனையாத இடம் தேடினவர்கள். என் அம்மாவும் அப்படி மூட்டினவள்தான்.

எடுத்தது நான். ஒரு சனிக்கிழமை காலை, பனி காய்வதற்கு முன்னால்.